ஆடிக்கூழும் அதன் வரலாறும்

ஒரு நாட்டின் பழமையை ஆராயப் புகுவோர் கல்வெட்டுக்களை நாடுவர்; செப்பேடுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் நாடுவர்; அந்நியர் எழுதி வைத்த குறிப்புக்களையும் புரட்டிப் பார்ப்பர். அடுக்களையை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே முறையில், ஒரே பண்டத்தை ஆக்கி உண்டு வருமாயின், அப்பண்டமும் ஓர் ஆவணமே. அதில் நிலத்தின் வளம் எழுதப்பட்டிருக்கிறது, வாணிகம் எழுதப்பட்டிருக்கிறது, உழைத்தவர் யார், உண்டவர் யார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய ஆவணம் ஒன்றைப் பிரித்துப் படிப்பதே இப்பேச்சின் நோக்கம். யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆடி மாதம் முதலாந் தேதியன்று காய்ச்சப்படும் ஆடிக்கூழே அந்த ஆவணம்.

முதலில் நாளைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தை முதல் ஆனி வரையுள்ள ஆறு மாதங்களும் உத்தராயணம். ஆடி முதல் மார்கழி வரையுள்ள ஆறு மாதங்களும் தட்சிணாயனம். முன்னையது தேவர்களுக்குப் பகல் என்றும் பின்னையது இரவு என்றும் கூறுவது மரபு. ஆகவே தைப்பொங்கல் ஒரு பகலின் விடியல் என்றால், ஆடிப்பிறப்பு ஓர் இரவின் தொடக்கம். ஒன்றில் பொங்கல், மற்றையதில் கூழ். ஆண்டு என்னும் சக்கரத்தின் இரு முனைகளிலும் தமிழர் அடுப்பு மூட்டி அரிசியை வைத்து வழிபட்டனர்.

ஆடிப்பிறப்பு இக்காலத்தில் யூலை மாதம் 16 ஆம் அல்லது 17 ஆம் நாளில் வருகிறது. கதிரவன் தென்திசை நோக்கித் திரும்புவதோ யூன் மாதம் 21 ஆம் நாளளவில் நிகழ்ந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஏன் இத்தனை நாள்? நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு ஆண்டைக் கணிப்பது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று விலகுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் மாதப்பிறப்புத் தள்ளிப்போய்க் கொண்டிருக்கிறது. அவ்விதம் சேர்ந்த நாட்கள் இன்று 25 வரையில் ஆகிவிட்டன. கணக்கிட்டுப் பின்னே சென்றால், ஆடிப்பிறப்பும் கதிரவன் திரும்பும் நாளும் ஒன்றாயிருந்த காலம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது புலனாகும். வானம் நகர்ந்துவிட்டது, வழக்கம் நகரவில்லை.

தமிழகத்திலும் ஆடி சிறப்புடைய மாதமே. ஆனால் அங்கே ஆடிக்கூழ் என்றவுடன் நினைவுக்கு வருவது மாரியம்மன் கோயில்களில் பெரிய அண்டாக்களில் காய்ச்சி ஊராருக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழ். அது உப்பிட்ட கூழ், ஊருக்குரிய கூழ். யாழ்ப்பாணத்துக் கூழோ இனிப்புக் கூழ், வீட்டுக்குரிய கூழ். எனினும் நமது கூழுக்கு நெருங்கிய உறவு ஒன்று கொங்கு நாட்டிலே இருக்கிறது. சேலம், நாமக்கல் முதலிய பகுதிகளில் ஆடி முதலாந் தேதியன்று தேங்காய் சுடும் விழா நடைபெறும். தேங்காயின் கண்ணைத் திறந்து, அதனுள்ளே வெல்லமும் பயற்றம் பருப்பும் அரிசியும் எள்ளும் இட்டு, நீண்ட குச்சியிற் செருகித் தீயிலே வாட்டி எடுப்பர். அரிசி, பயறு, தேங்காய், வெல்லம் என்னும் இந்த நான்கினையும் பானையில் இட்டால் அது யாழ்ப்பாணத்து ஆடிக்கூழ். கடலின் இரு கரையிலும் ஒரே நாளில் ஒரே நான்கு பொருள்கள் கூடுவது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை.

இனிக் கூழ் காய்ச்சும் முறையைக் கூறுவோம். இதனை ஏட்டில் எழுதி வைத்த குடும்பங்கள் அரிது. என் ஆச்சிக்குச் சுண்டும் கொத்துமே அளவு. அதற்கு மேற்பட்ட நுட்பமெல்லாம் கையளவும் கண்ணளவுமாயிருந்தன. “மா எவ்வளவு?” என்று கேட்டால், “வேண்டியளவு” என்பார். அவர் செய்யப் பார்த்திருந்து என் தாயார் கணக்கிட்டுச் சொன்ன அளவையே இங்கே தருகின்றேன். ஆறு பேருள்ள குடும்பத்துக்கு இது போதும்.

சிவப்புப் பச்சரிசி ஒரு சுண்டு, பயறு கால் சுண்டு, நடுத்தரமான தேங்காய் ஒன்று, பனங்கட்டி 300 கிராம் அளவு, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை. சுண்டு என்பது கொத்தில் நாலிலொரு பங்கு. ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ அரை இறாத்தல் நிறுக்கும்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, நீரை வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, பச்சை வாடை நீங்குமளவுக்கு மட்டும் வறுத்துக் கொள்ளவேண்டும். பயற்றையும் மணம் எழும்ப வறுத்து, உடைத்துக் கோது நீக்கி வைத்துக் கொள்ளவேண்டும். தேங்காயிற் பாதியைச் சிறு சிறு சொட்டுக்களாக நறுக்கி, மீதியைத் துருவிப் பால் பிழிந்து கொள்ளவேண்டும். வறுத்த மாவை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கைச் சிறிது உப்பும் கொதிநீரும் விட்டுக் குழைத்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி, ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கி வைத்தல் வேண்டும். வீட்டுச் சிறுவருக்கு இதுவே பெரிய வேலை. அவர்கள் உருட்டுவன ஒன்றுபோல் ஒன்று இரா. அவ்வேறுபாடு கூழுக்குக் குறைவன்று.

பெரிய பானையில் ஏழெட்டுச் சுண்டு தண்ணீர் கொதிக்கவிட்டு, முதலிற் பயற்றை இட்டு, குழையாமல் அவியவிட வேண்டும். பின்பு மா உருண்டைகளைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். ஒருசேரக் கொட்டினால் அவை ஒட்டிக் கொள்ளும். போட்டவுடன் அடியிற் கிடக்கும் உருண்டைகள் வெந்ததும் மேலே மிதந்து வரும், அதுவே பதம். அதுவரையில் அகப்பை இடலாகாது. பனங்கட்டியை வெந்நீரிற் கரைத்து, மண்ணும் தும்பும் நீங்க வடித்து, எஞ்சிய ஒரு பங்கு மாவையும் தேங்காய்ப் பாலையும் அதனுடன் கட்டியில்லாமற் கலந்து பானையில் ஊற்ற வேண்டும். தேங்காய்ச் சொட்டைச் சேர்த்து, சிரட்டை அகப்பையால் அடிபிடியாமல் மெதுவாகத் துழாவிக் கொண்டிருக்கக் கூழ் தடிக்கும். மிளகும் சீரகமும் ஏலமும் பொடித்துத் தூவி இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும் ஆதலின், சற்று நெகிழ்ச்சியாகவே இறக்குவது அறிவுடைமை.

கூழோடு கொழுக்கட்டையும் அவிப்பது வழக்கம். பயறும் தேங்காய்த் துருவலும் பனங்கட்டியும் சேர்ந்த உள்ளீட்டை மாவினுள் வைத்து மூடி, விளிம்பைப் பல்லுப் பல்லாக அழுத்தி நீராவியில் அவிப்பர். குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்துப் படைத்த பின்னரே உண்பது. உண்பதற்குப் பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திச் செய்த கரண்டியைப் பயன்படுத்துவர். சூடான கூழ் அந்த இலையிற் படும்போது எழும் மணம் வேறெந்தக் கரண்டியிலும் வராது.

இனி இப்பானைக்குள் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் இன்னொரு கூழும் உண்டு. அது ஒடியற்கூழ். மீனும் நண்டும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் சேர்வது அது. மரவள்ளியும் மிளகாயும் அமெரிக்காவில் தோன்றிய பயிர்கள். ஐரோப்பியர் கப்பலேறி வந்த பின்னரே அவை நமது நாட்டை அடைந்தன. ஆகவே இன்று நாம் அறியும் ஒடியற்கூழ் அக்காலத்துக்குப் பிறகே இவ்வடிவத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். ஆடிக்கூழிலோ அமெரிக்கப் பொருள் எதுவும் இல்லை. காரம் வேண்டிய இடத்தில் மிளகே நிற்கிறது. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றுமுன் ஒரு வீட்டுப் பெண் இக்கூழைக் காய்ச்ச விரும்பியிருந்தால், வேண்டிய பொருள் எல்லாம் அவள் கைக்கு எட்டியிருக்கும்.

மிளகும் ஏலமும் குடாநாட்டில் விளைவன அல்ல. தெற்கே மழைவளம் மிக்க மலைப்பகுதிகளிலும் கடலுக்கு அப்பால் மலையாள நாட்டிலும் விளைந்து, வணிகர் கைமாறி வந்தவை அவை. ஆதலாற்றான் அவை சிட்டிகை அளவாய்க் கூழிற் சேர்கின்றன. வீட்டு வளவிலும் வயலிலும் கிடைத்தவை கைநிறையச் சேர்கின்றன. விலை கொடுத்து வாங்கியது எது, வீட்டில் விளைந்தது எது என்பதை இக்கூழின் அளவுகளே சொல்லிவிடுகின்றன.

அடுத்தது பயறு. வடபகுதி வயல்களில் நெல் மாரி மழையை நம்பி விளைவது. தை மாசியில் அறுவடையாகும். அதன்பின் நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறும் எள்ளும் விதைப்பர். கோடை முற்றுமுன் பயறு வீடு வந்து சேரும். ஆடி பிறக்கும்போது வடக்கிலே மழையில்லை. சோளகக் காற்று வீசுகிறது. வயல் வெறிதே கிடக்கிறது. “ஆடிப் பட்டம் தேடி விதை” என்னும் பழமொழி தமிழகத்து உழவனுக்குப் பொருந்தும்; நமது வயல்களின் விதைப்பு அதற்குப் பிந்தியது. ஆகவே யாழ்ப்பாணத்து ஆடிப்பிறப்பு விதைப்பு விழாவுமன்று, அறுவடை விழாவுமன்று. முன்னைய விளைச்சலில் எஞ்சியதை எண்ணிப் பார்த்து, வரப்போகும் மாரிக்குக் காத்திருக்கும் இடைவேளையின் விழா அது. கூழ் என்பதும் அதற்கேற்ற உணவே. ஒரு சுண்டு அரிசியைச் சோறாக்கினால் இருவர் மூவர் உண்பர். கூழாக்கினால் ஆறு பேர் உண்பர்.

கூழின் உயிர் பனங்கட்டியில் இருக்கிறது. அதன் வரலாறும் அங்கேதான் இருக்கிறது. பனையின் பாளையைச் சீவி, உட்புறத்தே சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டிவிட்டால், வடியும் சாறு புளியாமல் இனிக்கும். இதனைத் தமிழகத்தார் பதநீர் என்பர். யாழ்ப்பாணத்தார் கருப்பணி என்பர். சுண்ணாம்பு இல்லையாயின் அதே சாறு கள்ளாகிவிடும். கருப்பணியை இறக்கிய அன்றே அகன்ற பாத்திரத்தில் விறகெரித்துக் காய்ச்ச வேண்டும். நீர் வற்றிப் பாகாகி, பாகு முதிர்ந்து பதம் வந்ததும், பனையோலையால் இழைத்த சிறு குட்டான்களில் ஊற்றினால் அது இறுகிக் கட்டியாகும். கோடை மாதங்களே கருப்பணிக்குரிய காலம். ஆடி பிறக்கும்போது அவ்வாண்டின் புதுக் கட்டி வீட்டிலிருக்கும். கூழ் அந்நாளில் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பனையின் பயன்கள் பலரை வியக்க வைத்தவை. வில்லியம் பெர்குசன் என்னும் ஆங்கிலேயர் 1850 இல் கொழும்பில் பனையைப்பற்றித் தனி நூல் ஒன்றையே வெளியிட்டார். பனையின் 801 பயன்களைப் பாடும் “தால விலாசம்” என்னும் தமிழ் நூலை அவர் அதிற் குறிப்பிடுகின்றார். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரங்கள் கைமரமாகவும் சலாகையாகவும் கப்பலேறிச் சென்றன. மரத்தைப்பற்றி எழுதியவர்கள் உண்டு. மரத்தை விற்றவர்களின் கணக்கும் உண்டு. மரத்தில் ஏறியவரைப்பற்றியோ எழுத்து மிகக் குறைவு.

அவர் விடியற்காலையும் மாலையும் நாளொன்றுக்கு இருமுறை ஏறினார். தளைநார் காலிலும், கத்தி இடையிலும், முட்டி தோளிலும் இருந்தன. கீழே அவர் மனைவி அடுப்பு மூட்டிக் காத்திருந்தாள். காய்ச்சும் வேலை பெரும்பாலும் அவளுடையது. அவ்விருவர் கைவழியாக வந்த பனங்கட்டி ஊரிலுள்ள எல்லா வீட்டு ஆடிப்பானைக்கும் சென்றது. ஆனால் அவ்விருவரும் எல்லா வீட்டுக்குள்ளும் செல்லவில்லை. அவர்கள் செய்த கட்டி குத்துவிளக்கின் முன் படையலாயிற்று. அவர்களோ வாயிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். வீட்டார் குடித்த கலத்தில் அவர்களுக்குக் கூழ் வார்க்கப்படவில்லை. பனையோலையிற் கோலிய பிளாவை ஏந்தி, முற்றத்திலோ வேலியோரத்திலோ நின்று அவர்கள் குடித்தனர். ஆடிப்பிறப்பை நினைந்து மகிழும் நாம் இதனை மறைத்தல் முறையாகாது. இனிப்பு அவர்களுடையது, அதைப் பகிர்ந்துண்ணும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் வந்தபின்னும் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் 1960 களின் பிற்பகுதியில் மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒரே கடையில், ஒரேவிதக் குவளையில் எல்லோரும் தேநீர் அருந்துவது எளிதாகக் கிடைத்த பேறன்று. கூழ்ப்பானையின் வரலாற்றை எழுதுவோர் குவளையின் வரலாற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

ஆடிக்கூழை ஊர்தோறும் பிள்ளைகளின் நாவில் நிறுத்திய பெருமை நவாலியூர் சோமசுந்தரப் புலவரைச் சாரும். தங்கத் தாத்தா என்று அன்போடு அழைக்கப்பெற்ற அவர் 1878 இற் பிறந்து 1953 இல் மறைந்தார். ஆடிப்பிறப்பைப்பற்றி அவர் பாடிய சிறுவர் பாட்டு இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையினர் மனப்பாடஞ் செய்தது. பண்டிகை வருகிறது, பள்ளிக்கூடம் இல்லை என்ற பிள்ளை மனத்தின் துள்ளலே அப்பாட்டின் தொடக்கம். பின்பு கூழும் கொழுக்கட்டையும் ஆகும் விதத்தை அது படிப்படியாகச் சொல்லிச் செல்கிறது. வரலாற்று மாணவனுக்கு அப்பாட்டு இரு வகையிற் பயன்படும். ஒன்று, ஆடிப்பிறப்பு முன்னாளிற் பள்ளி விடுமுறை நாளாயிருந்தது என்பதற்கு அது சான்று. இன்று அது பொதுவிடுமுறை அன்று. மற்றையது, ஏட்டிலில்லாத ஒரு சமையல் முறையைச் செவி வழியாகக் காப்பாற்றித் தந்த கருவி அது. அடுக்களையில் வேலையில்லாத ஆண்பிள்ளையும் கூழுக்கு என்னென்ன வேண்டும் என்பதை அப்பாட்டினால் அறிந்தான்.

வீட்டுப் பண்டிகைதானே, இதற்கு அரசியல் வரலாற்றோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். அரிசியைப் பார்த்தால் விடை கிடைக்கும். குடாநாட்டின் நெல் அதன் மக்களுக்கு நெடுங்காலமாகப் போதியதில்லை. புகையிலையும் பிறவும் விற்று, அரிசியை வெளியிலிருந்து வாங்குவதே வழக்கமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மா அரிசி இலங்கையெங்கும் பரவியது. 1942 மார்ச்சில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அவ்வரிசி நின்றது. கூப்பன் அரிசிக் காலம் தொடங்கியது. சங்கக்கடையில் அளந்து கொடுத்த அரிசியில் வாரம் முழுவதையும் ஓட்ட வேண்டிய வீட்டுக்காரி, ஆடிப்பிறப்புக்கென்று ஒரு சுண்டை ஒதுக்கி வைப்பதற்குப் பல வேளைகளில் தன் பங்கைக் குறைத்துக் கொண்டாள்.

புலவர் மறைந்த அதே 1953 யூலையில், ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12 ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் நடந்தது. பின்னர் 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது சீனியும் கோதுமை மாவும் பருப்பும் அருமையாயின. அக்காலத்தில், கடையிற் கிடையாத சீனிக்காக வரிசையில் நின்றவர்கள் வளவிலே நின்ற பனையை மீண்டும் நிமிர்ந்து பார்த்தனர். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. நெருக்கடி வரும்போதெல்லாம் நாம் பனையை நினைக்கிறோம். அது நீங்கியதும் மறந்துவிடுகிறோம்.

கூழ் ஊரைவிட்டு வெளியேறியதும் ஒரு வரலாறு. 1905 இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரையில் நிறைவெய்தியபின், உத்தியோகம் நாடிக் கொழும்புக்குச் சென்ற குடும்பங்கள் தம்முடன் கூழையும் கொண்டு சென்றன. ஊரிலிருந்து வரும் பொதியிற் பனங்கட்டிக் குட்டான் இருக்கும். பொதி வராதபோது, தெற்கில் எளிதாகக் கிடைக்கும் கித்துள் கருப்பட்டி அதன் இடத்தை நிரப்பிற்று. இருவகைப் பனையின் இனிப்பும் ஒரே பானையில் இடம் மாறி நிற்க முடிந்தது.

போர்க்காலம் வந்தது. பனைகள் எறிகணையால் தலையிழந்தன. காப்பரண்களுக்காகவும் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தனர். கொண்டு செல்லக் கூடியதைக் கொண்டு சென்றனர். உரலைத் தூக்கிச் செல்வார் யார்? அதற்கு அடுத்த ஆடியில், மரநிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் இருந்து கூழ் காய்ச்சியவர்கள் உண்டு. பயறு இல்லாத கூழ், தேங்காய்ப் பால் இல்லாத கூழ், நிவாரண அரிசியில் ஆகிய கூழ் எனப் பலவாறாயின அவை. முறைப்படி பார்த்தால் அவை குறையுள்ள கூழ். ஆனால் அந்நாளை அந்நாளென்று பிள்ளைகளுக்கு அறிவித்தது அந்தக் குறைக்கூழே. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வோர், தகரத்தில் அடைத்த தேங்காய்ப் பாலும் பொதிசெய்த அரிசிமாவும் கொண்டு யூலை மாதத்திற் கூழ் காய்ச்சுகின்றனர். பலாவிலைக்குப் பதிலாகக் கரண்டி, அதனால் என்ன?

மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் இடுதல் கூடாது. உரல் போய் இயந்திரம் வந்தது நன்று. பெண்களின் தோள்வலி குறைந்தது. பயறு இல்லாதபோது பயறின்றிக் காய்ச்சியதும் பிழையன்று. ஆனால் ஒரு மாற்றம் ஏனையவற்றினும் வேறானது. பனங்கட்டி கிடைக்கும் இடத்திலும், விலை சிறிது அதிகம் என்பதற்காகச் சீனியை இட்டுக் கூழ் காய்ச்சும் வழக்கம் பரவி வருகிறது. கண்ணுக்கு வெள்ளையாயிருக்கும், நாவுக்கு இனிக்கும், ஆடிக்கூழ் என்ற பெயரும் இருக்கும். கருப்பணியின் கரித்த மணமும், உப்பும் இனிப்பும் கலந்த அந்த ஆழ்ந்த சுவையும் அதில் இரா.

சுவை மட்டுமே போனால், அது நாவின் இழப்பு என்று விட்டுவிடலாம். அதனோடு ஒரு தொழிலும் போகிறது. கள்ளை இறக்கியவுடன் காசாக்கலாம். கட்டி காய்ச்சுவதற்கு விறகு வேண்டும், பல மணி நேரம் வேண்டும், வீட்டுப் பெண்ணின் உழைப்பும் வேண்டும். அவ்வுழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்காவிடின் காய்ச்சுவோர் ஏன் காய்ச்சப் போகிறார்கள்? மரமேறுவோரின் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுகின்றனர். இழிவும் இடரும் நிறைந்ததாய்த் தந்தையார் பட்ட தொழிலை மகன் விட்டுவிலகுவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அத்தொழில் நிலைக்க வேண்டுமாயின், அதற்கு மதிப்பும் ஊதியமும் பாதுகாப்பும் தேடித் தருதலே வழி. பழமையைப் போற்றுவோம் என்று மேடையிற் கூறுவதால் ஒரு குட்டான் பனங்கட்டியும் உருவாகாது.

ஆகவே நேயர்கள் அடுத்த ஆடிப்பிறப்புக்கு இரண்டு காரியங்கள் செய்தல் நலம். முதலாவது, வீட்டிலுள்ள முதியவரை அருகில் இருத்தி, அவர் கையளவைச் சுண்டளவாக்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆச்சியின் கை என்றும் இராது, எழுத்து இருக்கும். எழுதும்போது வீட்டுக்கு வீடு முறை வேறுபடுவதையும் காண்பீர்கள். சிலர் சீரகத்தை விடுவர். சிலர் மாவை உருட்டாமல் நீளத் திரிப்பர். அவ்வேறுபாடுகளையும் எழுதுங்கள், அவையும் வரலாறே. இரண்டாவது, கூழுக்குப் பனங்கட்டியை வாங்குங்கள். காய்ச்சியவர் யாரென்று அறிய முடியுமாயின், அவரிடமே சென்று, அவர் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்குங்கள். கூழ் ஆனதும் முதற் கிண்ணங்களில் ஒன்றை, வீட்டார் உண்ணும் அதே கிண்ணத்தில், அவருக்கும் வார்த்துக் கொடுங்கள். நம் முன்னோர் அந்நாளிற் செய்யத் தவறிய பங்கீடு அவ்வாறு நிறைவேறும்.